பட்டத்துக்கு முன்பே பணியிடம் வேண்டும்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் படித்து, உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் கொழும்புக்கும் போகும் பிள்ளைகளை இன்று பல தோட்டங்களில் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன் இது அரிய செய்தி. இன்றும்கூட ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை கெம்பஸ் போனால் தோட்டமே அதைப் பேசுகிறது. கோயிலில் மாலை போட்டுப் பாராட்டுகிறார்கள். நான்கு வருடம் கழித்து அதே பிள்ளை பட்டத்தோடு வீடு திரும்பும்போது நிலைமை வேறு. அரச நியமனம் வரும் என்று காத்திருக்க வேண்டும். அல்லது கொழும்பில் படிப்புக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு வேலையில் சேர வேண்டும். இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. பட்டம் கைக்கு வருமுன்பே ஒவ்வொரு மாணவரும் ஒரு செமஸ்டர் காலம் உண்மையான பணியிடம் ஒன்றில், பொறுப்பானவர்களின் மேற்பார்வையில், உதவித்தொகை பெற்று வேலை பழக வேண்டும். கலைப்பீட மாணவருக்கும் அது கட்டாயமாக வேண்டும். மலையக மாணவர் விரும்பினால் அந்த இடம் மலையகத்திலேயே கிடைக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கு உயிர்நாடி மேற்பார்வைதான். அது இல்லாத பயிற்சி என்னவாகும் என்பதை மலையகம் ஏற்கெனவே பட்டு அறிந்திருக்கிறது.

படித்தவருக்கு வேலை இல்லை என்ற குறை இலங்கைக்குப் புதிதல்ல. 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே வருடத்தில், டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கை வந்த சர்வதேச தொழில் அமைப்பின் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நாட்டில் கிடைக்கும் வேலைகளுக்கும் படித்த இளைஞர் எதிர்பார்க்கும் வேலைகளுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையே அந்த அறிக்கையின் மையக் கண்டுபிடிப்பு. ஐந்து வருடம் கழித்து, 1976இல், சமூகவியலாளர் ரொனால்ட் டோர் சான்றிதழ் மோகம் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலும் இலங்கை ஒரு முக்கிய உதாரணமாக இடம்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. குடிசன மதிப்பீடு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை மதிப்பாய்வுகள் இன்றும் அதே கதையைத்தான் சொல்கின்றன. படிப்புக் குறைந்தவர்களைவிட உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே வேலையின்மை விகிதம் அதிகம். அவர்களிலும் பெண்களிடையே மேலும் அதிகம். பட்டம் மட்டும் வேலையைக் கொண்டுவராது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதற்கு அரசுகள் கண்ட மருந்து பட்டம் பெற்ற பின்னர் பயிற்சி தருவது. 2020 செப்டெம்பரில் 50,177 பட்டதாரிகளுக்குப் பயிலுநர் நியமனம் வழங்கப்பட்டது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு ஒரு வருடப் பயிற்சி, பின்னர் நிரந்தர நியமனம் என்பது ஏற்பாடு. காத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதைக் குறைசொல்ல இங்கே நோக்கமில்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருந்தது. வேலை பழகிப் பார்க்க வேண்டிய காலத்தில் மாணவர் விரிவுரை மண்டபத்தில் இருந்தார். வேலை செய்ய வேண்டிய வயதில் பயிலுநர் ஆனார். எந்தத் துறை தனக்குப் பொருந்தும் என்று அறியவும், பிடிக்காததைக் கைவிடவும், குறைபாட்டைத் திருத்திக்கொள்ளவும் பல்கலைக்கழகக் காலமே ஏற்றது. பட்டம் பெற்ற பின் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிடுகிறது. கிடைத்த கதிரையை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்ற பயம்தான் அப்போது முடிவெடுக்கிறது.

பணியிடப் பயிற்சி என்ற முறை மலையகத்துக்கு அந்நியமானதல்ல. தேயிலைத் தோட்டத்தின் நிருவாகமே அதன் மீதுதான் எழுந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கிய பின் வந்த காலத்தில், துரை ஆக விரும்பிய இளைஞர் முதலில் அனுபவமுள்ள ஒரு பெரிய துரையிடம் 'கிரீப்பர்' என்ற பெயரில் பயிலுநராகச் சேர்ந்தார். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரிப்பது, கவ்வாத்து, தவறணை, தொழிற்சாலை, செக்ரோல் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று பழகினார். தொழிலாளரின் தமிழையும் கற்றுக்கொண்டார். அதன் பின்னரே சின்னத்துரை ஆனார். முகாமைத்துவத்தைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது என்பதைத் தோட்ட முதலாளிகள் அன்றே அறிந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்து நாற்காலி தொழிலாளியின் பிள்ளைக்குப் போடப்படவில்லை. ஒருவருக்கு மேற்பார்வையுடன் தொழில் கற்கும் வாய்ப்பும் மற்றவருக்குக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் என்ற பிரிவு பரம்பரை பரம்பரையாகத் தொடர்ந்தது. இன்று பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட மலையக மாணவருக்கு அந்த நாற்காலியை ஏன் போடவேண்டும் என்ற கேள்விக்கு இந்த வரலாறே முதல் பதில்.

இன்றைய இலங்கையில் மதிப்புள்ள தொழில்கள் எல்லாவற்றிலும் இந்த முறை இருப்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவப் பட்டதாரி அரச வைத்தியசாலையில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிக்காமல் முழுப் பதிவு பெற முடியாது. சட்டக் கல்லூரி மாணவர் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் ஆக விரும்புபவருக்கு மூன்று வருட மேற்பார்வைப் பயிற்சி உண்டு. மொறட்டுவை, பேராதனைப் பொறியியல் பீட மாணவர்களுக்குக் கைத்தொழில் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அதற்கெனத் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை என்ற அரச நிறுவனமே இருக்கிறது. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்திலேயே பட்டம் வழங்கி, அதில் தொழிற்பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. ஆக, வேலைவாய்ப்பு ஓரளவு உறுதியான பட்டங்களுக்குப் பணியிடப் பயிற்சி கட்டாயம். மிகவும் தேவைப்படும் கலைப் பட்டத்துக்கு மட்டும் அது பெரும்பாலும் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாததால், மலையகப் பிள்ளைகள் பெருமளவு கலைப்பிரிவுக்கே தள்ளப்படுகிறார்கள். அதனால் இந்தக் குறைபாடு அவர்களையே கூடுதலாகத் தாக்குகிறது.

மேற்பார்வை என்றால் என்ன என்பதை அறிய டிக்கோயாவிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. கொட்டகலைக்கு அருகே பத்தனையில், ஜேர்மனியின் உதவியோடு அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரிய மாணவர் இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிக்கிறார்; மூன்றாவது வருடம் ஒரு பாடசாலைக்குக் கட்டுறு பயில்வுக்காக அனுப்பப்படுகிறார். அந்த வருடம் நடப்பதைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பு எழுதுகிறார். பாடசாலையில் அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் அதைப் பார்த்துத் திருத்துகிறார். கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து நாற்பது நிமிடப் பாடத்தைக் கவனிக்கிறார். மணி அடித்த பின் இருவரும் பேசுகிறார்கள்: கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிக்க நேரம் கொடுத்தீர்களா, பின்வரிசைப் பிள்ளை ஒருமுறையாவது வாய் திறந்ததா, கரும்பலகையில் எழுதியது கடைசி வரிசைக்குத் தெரிந்ததா? இந்தப் பேச்சுத்தான் பயிற்சி. அது இல்லாவிட்டால் எஞ்சுவது வெறும் வேலை. அனுபவம் தானாகவே பாடம் ஆகிவிடாது. செய்ததை ஒருவர் சுட்டிக்காட்டி, மறுபடி செய்ய வைக்கும்போதே அது பாடமாகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே மலையகத்தில்தான் நடந்தது. 2010களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க, உயர்தரம் சித்தியடைந்த சுமார் மூவாயிரம் இளைஞர் யுவதிகள் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா; நீண்ட கோரிக்கைகளுக்குப் பின் 10,000 ரூபா ஆயிற்று. பெயர் உதவியாளர், ஆனால் பல பாடசாலைகளில் முழு ஆசிரியரின் வேலையையே அவர்கள் செய்தார்கள். பயிற்சி பின்னர் வந்தது. வகுப்பறைப் பொறுப்பு முதல் நாளே வந்தது. அவர்களில் பலர் அர்ப்பணிப்போடு கற்பித்துப் பல பாடசாலைகளைத் தாங்கிப் பிடித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு அவர்களுக்கு நியாயமாக இருக்கவில்லை. ஸ்ரீபாதவின் கட்டுறு பயில்வாளரும் ஆசிரிய உதவியாளரும் ஒரே மாதிரியான கரும்பலகைக்கு முன்தான் நின்றார்கள். ஒருவருக்குப் பின்னால் கல்லூரியும் விரிவுரையாளரும் ஒழுங்கான பாடத்திட்டமும் இருந்தன. மற்றவருக்குப் பின்னால் நிரப்பப்படாத வெற்றிடம் மட்டும் இருந்தது. பல்கலைக்கழக மாணவருக்கான எந்தப் பயிற்சித் திட்டமும் முதலாவது வழியில் போகிறதா இரண்டாவது வழியில் போகிறதா என்பதே அதைச் சோதிக்கும் உரைகல்.

பணியிடப் பயிற்சி உண்மையிலேயே வேலை பெற உதவுகிறதா என்ற கேள்வி நியாயமானது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் 27 மாணவரோடு படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் முறையைத் தொடங்கினார். 1957 முதல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதைத் தன் அடையாளமாகவே வளர்த்தது. அங்கெல்லாம் பயிற்சி பெற்றவர் விரைவில் வேலை பெறுகிறார் என்று சொல்லும்போது, கெட்டிக்கார மாணவரே பயிற்சிக்குப் போகிறார், எனவே அவர் எப்படியும் வேலை பெற்றிருப்பார் என்று ஒரு மறுப்பு எழும். அந்த மறுப்பைச் சோதித்த ஆய்வுகள் உண்டு. ஜேர்மனியில் சில பல்கலைக்கழகத் துறைகள் பயிற்சியைக் கட்டாயமாக்கின; சில கட்டாயத்தை நீக்கின. மாணவர் தாமாகத் தெரிவு செய்யாத இந்த மாற்றங்களைப் பயன்படுத்தி சானிட்டர், சீட்லர் என்ற இரு பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவரின் பிற்காலச் சம்பளம் சுமார் 6 சதவீதம் கூடியிருந்ததைக் காட்டியது. 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் கற்பனை விண்ணப்பங்கள் உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன; பயிற்சி அனுபவம் குறிப்பிடப்பட்ட விண்ணப்பங்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு சுமார் 14 சதவீதம் அதிகமாக வந்தது. இவை பெரிய அற்புதங்கள் அல்ல. ஆனால் நம்பத்தக்க, தொடர்ச்சியான பயன்.

மலையக மாணவருக்கு இந்தப் பயன் இன்னும் கூடும் என்று எண்ணக் காரணம் இருக்கிறது. கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு வங்கியில் ஒரு மாமா இருப்பார், கணக்காய்வு நிறுவனத்தில் அப்பாவின் நண்பர் இருப்பார். விடுமுறையில் எங்காவது ஒரு மேசை கிடைத்துவிடும். லயத்திலிருந்து வந்த முதல் பட்டதாரிக்கு அந்தத் தொலைபேசி எண் ஒன்றுகூட இல்லை. அலுவலகத்தில் மின்னஞ்சல் எப்படி எழுதுவது, கூட்டத்தில் எப்போது பேசுவது, மேலதிகாரி தவறாகச் சொன்னால் எப்படி மரியாதையோடு மறுப்பது என்பவை வீட்டில் கேட்டுப் பழகாத விடயங்கள். அறிமுகமும் அலுவலகப் பழக்கமும் பரம்பரைச் சொத்தாக இருக்கும்வரை, திறமை சமமாக இருந்தாலும் வாய்ப்பு சமமாகாது. பல்கலைக்கழகமே இடத்தை ஒழுங்கு செய்து எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கினால்தான் அந்தச் சொத்து பொதுவாகும். தவறணையில் வளர்ந்த தேயிலைக் கன்றை மலையில் நடுவதற்கு முன் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் நட்டால் நல்ல கன்றும் வாடும்.

மலையகத்தில் இதற்கு இடம் எங்கே என்று கேட்பவர்கள் டிக்கோயாவைச் சுற்றி ஒருமுறை கணக்கெடுத்துப் பார்க்கலாம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. சமூகவியல் மாணவரும் உளவியல் மாணவரும் நோயாளர் பதிவு, மொழிபெயர்ப்பு, சுகாதாரக் கல்வி ஆகியவற்றைக் கற்க அது ஏற்ற இடம். ஹட்டன்–டிக்கோயா நகர சபை இருக்கிறது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே தோட்டங்களுக்குள் பணி செய்ய வழி பெற்ற பிரதேச சபைகள் இருக்கின்றன. எந்த லயத்துக்கு எந்தப் பாதை, எந்த ஊற்றிலிருந்து குடிநீர் என்ற அடிப்படைத் தகவலைத் திரட்ட அவற்றுக்குப் புவியியல் மாணவரைவிட யார் உதவுவார்? அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிருவாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவதை மக்கள் இன்றும் முறையிடுகிறார்கள். இரு மொழியும் அறிந்த மாணவர் ஒருவர், ஓர் உத்தியோகத்தரின் வழிகாட்டலில், நான்கு மாதம் பிரதேச செயலகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் மாணவரும் கற்பார், மக்களும் பயன்பெறுவார்கள். தோட்டங்களில் பிள்ளைக்காம்பராக்கள் இருக்கின்றன. முன்பிள்ளைப் பருவக் கல்வி படிப்போருக்கு அவை கற்கும் களம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பழைய துரை பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாக இயங்குகின்றன. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. இவற்றோடு வங்கிக் கிளைகள், நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள், பெருந்தோட்டக் கம்பெனிகளின் அலுவலகங்கள் என்று பட்டியல் நீளும்.

இங்கே மிக முக்கியமான ஒரு மறுப்பு எழும். படித்த பிள்ளைகளைத் திரும்பவும் தோட்டத்துக்கே அனுப்புவதா, லயத்தை விட்டு வெளியேறத்தானே பெற்றோர் இரத்தம் சிந்திப் படிக்க வைத்தார்கள் என்ற கேள்வி அது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, இரு நூறு வருடங்களாக ஒரே தொழிலோடு கட்டப்பட்ட ஒரு சமூகம் இப்படிக் கேட்பது இயல்பு. அந்த உணர்வை யாரும் அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. ஆனால் இந்தத் திட்டம் யாரையும் மலைக்கு அனுப்பிக் கொழுந்து பறிக்கச் சொல்லவில்லை. தீர்மானம் எடுக்கும் மேசைகளுக்கு, இதுவரை அந்தச் சமூகம் நுழையாத அறைகளுக்கு, அது அவர்களை அனுப்புகிறது. நகர சபையின் திட்டமிடல் பிரிவிலும், கம்பெனியின் கணக்குப் பிரிவிலும், தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு அறையிலும் உட்கார்ந்து பழகிய மாணவர், அந்த அனுபவத்தோடு கொழும்புக்கோ சென்னைக்கோ துபாய்க்கோ போகலாம். விரும்பினால் இங்கேயே இருக்கலாம். கொழும்பில் இடம் விரும்பும் மலையக மாணவருக்கு அதைக் கொடுப்பதும் இத்திட்டத்தின் கடமை. இங்கே இடம் வேண்டும் என்பது தெரிவைக் கூட்டுவதற்காக. இன்றைக்கு மலையக மாணவருக்கு முன் இருப்பது ஒரே தெரிவு: கையில் காசு இருந்தால் கொழும்பில் வாடகைக்குத் தங்கிச் சம்பளமில்லாப் பயிற்சி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

காசின் கணக்கை வெளிப்படையாகப் பேச வேண்டும். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. தோட்ட நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் பிள்ளைக்குக் கொழும்பில் அறையும் சாப்பாடும் போக்குவரத்தும் கொடுத்து, மாதக்கணக்கில் இலவசமாக வேலை பழக அனுப்ப முடியாது. மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்லது. ஆனால் கொழும்பில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாது. எனவே உதவித்தொகையில்லாத பயிற்சி வசதியுள்ளவரின் சலுகையாகவே இருக்கும். சமத்துவத்துக்காகக் கொண்டுவந்த திட்டம் ஏற்றத்தாழ்வைக் கூட்டிவிடும். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் பணியிடம் அமைவதன் அவசியம் இங்கேதான் புரிகிறது. டிக்கோயா மாணவி ஹட்டன் நகருக்கு பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பலாம். பெண்பிள்ளைகளைத் தனியாகத் தூர இடங்களுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கவலையும் இதனால் குறையும்.

பணம் எங்கே என்று திறைசேரி கேட்கும். ஒரு முன்னோடித் திட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த 200 மாணவர், நான்கு மாதம், மாதம் 15,000 ரூபா. மொத்தக் கொடுப்பனவு 1 கோடியே 20 இலட்சம் ரூபா. மேற்பார்வையாளரின் பயணச் செலவும் ஒரு சிறு அலுவலகச் செலவும் சேர்த்தாலும் இரண்டு கோடிக்குள் அடங்கும். 2020இல் 50,177 பேருக்கு 20,000 ரூபா வீதம் கொடுத்தபோது ஒரே மாதத்துக்கு நூறு கோடி ரூபாவுக்கு மேல் செலவானது. பட்டத்துக்குப் பின் காத்திருப்பவர்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே செலவிட்டால், பின்னர் காத்திருப்போரின் வரிசை குறுகும். பெரிய கம்பெனிகள், வங்கிகள் ஆகியவற்றின் இடங்களில் பாதிக் கொடுப்பனவை அவையே ஏற்கலாம். இந்தியாவில் 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிரதமர் பயிற்சித் திட்டமும் மாதம் 5,000 இந்திய ரூபாவைக் கொடுப்பனவாக வைத்தது. ஆக, கொடுப்பனவு என்பது புதுமையான கோரிக்கை அல்ல.

பல்கலைக்கழகத்தின் வேலை சிந்திக்கக் கற்பிப்பதுதான், தொழிலாளரை உற்பத்தி செய்வதல்ல என்று கலைப்பீடப் பேராசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களின் அச்சத்தில் உண்மை உண்டு. உலக வங்கியின் நிதியோடு 2003 முதல் அடுத்தடுத்து வந்த உயர்கல்வித் திட்டங்களில் வேலைவாய்ப்பு என்ற சொல் ஓயாமல் ஒலித்தது. வரலாறும் இலக்கியமும் மெய்யியலும் சந்தைக்கு உதவாத சுமைகள் என்ற எண்ணமும் சில இடங்களில் கூடவே வளர்ந்தது. அந்த எண்ணத்தை நிராகரிக்க வேண்டும். ஆனால் பணியிடமும் சிந்திக்கும் இடம்தான். பொருளியல் மாணவர் ஒருவர் தோட்ட அலுவலகத்தில் செக்ரோலைப் பார்த்து, ஒரு தொழிலாளி மாதத்தில் எத்தனை நாள் பெயர் போட்டிருக்கிறார், கிலோ குறைந்தால் சம்பளம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தால், அவருடைய ஆய்வுக்கட்டுரை நூலகத்தில் மட்டும் எழுதப்பட்டதைவிட ஆழமாகவே இருக்கும். வரலாற்று மாணவர் ஒருவர் தோட்டத்தின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினால் மலையகத்தின் வரலாற்றுக்கு அது கொடையாகும். பாடங்களைக் குறைத்துப் பயிற்சியை வைக்கக் கூடாது. பாடம் கேட்கும் கேள்விகளோடு பயிற்சிக்குப் போக வேண்டும்.

கடைசி மறுப்பு, விரிவுரையாளருக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம், மேற்பார்வைக்கு நேரமில்லை என்பது. இது வெறும் சாக்கு அல்ல, உண்மையான தடை. நுவரெலியா மாவட்டத்தில் முழுமையான அரச பல்கலைக்கழகம் இல்லை. பேராதனையிலிருந்து ஒரு விரிவுரையாளர் ஹட்டன் வந்துபோக ஒரு நாள் செலவாகும். எனவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே முயலாமல், பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு ஆகியவை சேர்ந்து ஹட்டனில் ஒரு கூட்டுப் பயிற்சி அலுவலகம் அமைக்கலாம். அதில் முழுநேர மேற்பார்வையாளர் சிலர் இருந்து, எல்லாப் பல்கலைக்கழக மாணவரையும் மாதம் ஒருமுறையாவது பணியிடத்திலேயே சந்திக்கலாம். பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் தொழில் வழிகாட்டல் அலகுகள் ஏற்கெனவே உண்டு; அவற்றின் கரமாக இந்த அலுவலகம் இயங்கலாம். 2012 முதல் உள்ள இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் தொழிற்பயிற்சிக்கும் கிரெடிட் புள்ளி வழங்க இடமுண்டு. ஆகவே புதிய சட்டம் தேவையில்லை, பீடங்களின் தீர்மானம் போதும்.

மலிவு உழைப்பாக மாறாமல் தடுக்கச் சில விதிகளை எழுத்தில் வைக்க வேண்டும். மாணவர், பல்கலைக்கழகம், பணியிடம் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மாணவர் கற்கவேண்டியவை வரிசையாக எழுதப்பட வேண்டும். வெற்றிடமாக உள்ள பதவிக்குப் பதிலாக மாணவரை வைக்கக் கூடாது. பணியிடத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர் வழிகாட்டியாக இருந்து வாரம் ஒருமுறை மாணவரின் பதிவேட்டைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். பாலியல் துன்புறுத்தலோ அவமதிப்போ நேர்ந்தால் பணியிடத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்திடம் நேரடியாக முறையிட வழி வேண்டும். முறையிட்ட மாணவரின் புள்ளி பாதிக்கப்படக் கூடாது. விதியை மீறும் இடத்துக்கு அடுத்த வருடம் மாணவரை அனுப்பக் கூடாது. இவற்றைக் கண்காணிக்காத திட்டம் ஆசிரிய உதவியாளர் அனுபவத்தையே வேறு பெயரில் திரும்பக் கொண்டுவரும்.

பல்கலைக்கழக அனுமதியில் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீத இடம் ஒதுக்கும் முறையில் நுவரெலியாவும் பதுளையும் அடங்குகின்றன. பிள்ளைகளை உள்ளே கொண்டுவர நாடு சிறப்பு ஏற்பாடு செய்திருக்கிறது என்றால், அவர்கள் வெளியே வரும்போது கைகொடுக்கவும் ஏற்பாடு செய்வதே முறை. மலையகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை காத்திருக்காமல் இந்தப் பயிற்சி அலுவலகத்தை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதற்குச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், தொழிற்சங்கங்கள், பெருந்தோட்டக் கம்பெனிகள், ஹட்டன்–டிக்கோயா நகர சபை ஆகிய அனைவரும் தத்தம் அலுவலகத்தில் எத்தனை மாணவருக்கு இடமும் வழிகாட்டியும் தர முடியும் என்று இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு மாலை வாங்கும் அக்கறை, அதற்கு ஒரு வருடம் முன்பே ஒரு மேசையும் நாற்காலியும் ஒதுக்குவதிலும் இருக்க வேண்டும்.